எந்த சேசிஸை நம்பி இறங்குவது? தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தொலைத்தொடர்புக் கருவி தயாரிக்கும் நிறுவனங்கள் மென்பொருளைப் பற்றி மாதக்கணக்கில் விவாதிக்கின்றன. அந்த மென்பொருளைத் தாங்கப்போகும் சேசிஸை, அதாவது மின்னணுக் கார்டுகளும் பவர் சப்ளையும் பொருந்தும் பெட்டியை, மட்டும் பல நேரம் ஒரே கூட்டத்தில் முடிவு செய்துவிடுகின்றன. அந்தக் கூட்டத்துக்கு யாராவது ஒருவர் சந்தை ஆய்வறிக்கையோடு வருவார். தரப்படுத்தப்பட்ட சேசிஸ்களின் சந்தை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் வளர்கிறது என்று அதில் ஒரு கோடு மேல்நோக்கிப் போகும். வளர்கிற பக்கமே போவோம் என்று எல்லோரும் தலையசைப்பார்கள்.

இப்படி முடிவெடுப்பது ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. ஒரு சந்தை வளர்வது வேறு. இன்று நிறுவும் பெட்டிக்குப் பத்தாண்டு கழித்து ஒரு கார்டு கிடைப்பது வேறு. கருவியை வாங்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஆகவே இந்த ஒப்பீட்டில் ஒவ்வொரு வகை சேசிஸையும் மூன்று கேள்விகளோடு அணுகுகிறேன். எந்த அறையில் நிற்கப்போகிறது? அங்கே மின்சாரமும் காற்றும் எப்படி வருகின்றன? பாகத்தை இன்னொருவரிடம் வாங்க முடியுமா? சந்தை வளர்ச்சி இந்த மூன்றுக்கும் பிறகே வருகிறது.

ஏடிசிஏ: வளர்ச்சிக் கணக்கு சொல்லாமல் விட்டது

1990கள் வரை பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் அழைப்புகளை இணைக்கும் தன் சுவிட்ச் கருவிக்குத் தானே சேசிஸ் வடிவமைத்தது. கார்டின் அளவு, கார்டுகளைப் பின்புறம் ஒன்றோடொன்று இணைக்கும் பேக்பிளேன் பலகை, ஃபேன் தட்டு, பவர் சப்ளை எல்லாம் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. 2000களின் தொடக்கத்தில் தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது இந்த ஆடம்பரம் தாங்க முடியாததாகிவிட்டது. பெட்டியைப் பொதுவாக்கினால் வடிவமைப்புச் செலவு குறையும் என்ற எண்ணத்தில், பிக்மிக் என்ற தொழில் கூட்டமைப்பு 2002 இறுதியில் ஏடிசிஏ தரநிலையை ஏற்றது. அட்வான்ஸ்டு டெலிகாம் கம்ப்யூட்டிங் ஆர்க்கிடெக்சர் என்பது அதன் முழுப்பெயர்.

அது ஓடாத குதிரை அல்ல. நோக்கியா சீமென்ஸ், அல்காடெல்-லூசென்ட், ஹுவாவே ஆகியவை தங்கள் மையக் கருவிகளில் ஏடிசிஏவைப் பயன்படுத்தின. 2006-இல் அல்காடெல், எரிக்சன், மோட்டோரோலா, என்ஈசி, நோக்கியா, சீமென்ஸ் ஆகியவை சேர்ந்து ஸ்கோப் என்ற கூட்டணியை அமைத்து, இத்தகைய திறந்த தளங்களில் தங்களுக்கு என்ன தேவை என்று எழுதிவைத்தன. 3ஜி விரிவாக்கமும் அதன்பின் வந்த எல்டிஇ என்ற 4ஜியும் இந்தப் பெட்டிகளை வாங்க வைத்தன. அந்நாளைய கணிப்புகள் நூறு கோடி டாலர்களில் பேசின. சில ஆண்டுகள் சந்தை உண்மையாகவே வளர்ந்தது.

ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 2007-இல் இன்டெல் தன் ஏடிசிஏ தொழிலை ரேடிசிஸ் நிறுவனத்துக்கு விற்றது. அதே ஆண்டு மோட்டோரோலா தன் உட்பொதி கணினிப் பிரிவை, அதாவது கருவிகளுக்குள் பொருத்தும் கணினிப் பலகைகள் செய்யும் பிரிவை, எமர்சனுக்கு 35 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. கணிப்புகள் மிகப் பிரகாசமாக இருந்த நேரத்தில், இந்தத் தரநிலையின் பெரிய ஆதரவாளர்கள் இருவர் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். வளர்ச்சி சதவீதத்தில் இது தெரியாது. யார் நுழைகிறார்கள், யார் வெளியேறுகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

2012 அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஷ்டட் நகரில் நடந்த மாநாட்டையொட்டி ஏடி&டி, பிடி, டாய்ச்ச டெலிகாம், சைனா மொபைல், வெரைசன் உள்ளிட்ட நிறுவனங்கள் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டன. வலையமைப்புப் பணிகளைத் தனிக் கருவிகளிலிருந்து பிரித்து, சந்தையில் கிடைக்கும் சாதாரண சர்வர்களில் மென்பொருளாக ஓட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். வாங்குபவர்களே இப்படிச் சொன்ன பிறகு ஏடிசிஏவின் மையச் சந்தை சுருங்கத் தொடங்கியது. மோட்டோரோலாவிடமிருந்து வந்த பிரிவின் வாரிசான, ஆர்ட்டெசின் என்ற நிறுவனத்தின் உட்பொதி கணினிப் பிரிவு 2019-இல் ஸ்மார்ட் குளோபல் நிறுவனத்துக்குச் சுமார் 8 கோடி டாலருக்குக் கைமாறியது. இரண்டு விற்பனைகளிலும் சேர்ந்திருந்த சொத்துகள் ஒன்றல்ல என்பதால் நேர்க்கணக்குப் போட முடியாது. போக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ரேடிசிஸை 7.4 கோடி டாலருக்கு வாங்குவதாக 2018-இல் ரிலையன்ஸ் அறிவித்தது. ஜியோவுக்கு அதில் வேண்டியிருந்தது ஏடிசிஏ பெட்டியைவிட அங்கிருந்த மென்பொருளும் பொறியாளர்களுமே என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்னாலும் ஏடிசிஏவை ஒரு பழம்பொருளாக ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்த வடிவமைப்பில் இருக்கும் கவனம் இன்றைய சர்வர்களில் பலவற்றில் இல்லை. 8யு உயரமும் (யு என்பது ரேக்கின் உயர அலகு, 44.45 மி.மீ.) 280 மி.மீ. ஆழமும் கொண்ட கார்டு. கருவிகளை அடுக்கும் 19 அங்குல ரேக்கில் கார்டு செருக 14 ஸ்லாட், 600 மி.மீ. ஐரோப்பிய ரேக்கில் 16. அவற்றில் இரண்டு ஸ்லாட், மற்ற கார்டுகளுக்கிடையே தரவைக் கடத்தும் சுவிட்ச் கார்டுகளுக்கு. மின்சாரம் இரண்டு தனி வழிகளில் −48 வோல்ட்டாக வருகிறது. ஷெல்ஃப் மேனேஜர் ஒவ்வொரு கார்டின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் கவனிக்கிறது. புதிய கார்டைச் செருகினால், அதன் இணைப்புகள் எதிர்முனைக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே அவற்றைத் திறக்கிறது. கார்டைக் கழற்ற வேண்டுமா? கைப்பிடியைத் திறந்தால் நீல விளக்கு சிமிட்டும். நிலையாக எரிந்தவுடன் உருவலாம். நள்ளிரவில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பப்படும் டெக்னீஷியன் தவறான கார்டைப் பிடுங்காமல் இருக்க இதைவிட எளிய ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சிக்கல் வெப்பத்தில் வந்தது. தொடக்கத்தில் ஒரு ஸ்லாட்டுக்கு 200 வாட் என்பது கணக்கு. பின்னர் வந்த பெட்டிகள் 400 வாட் வரையும் அதற்கு மேலும் குளிரூட்டின. இன்றைய சர்வர் ப்ராசசர்களின் மேல்நிலை மாடல்களில் ஒரு ப்ராசசரே 350 வாட்டும் அதற்கு மேலும் கேட்கிறது. இரண்டு ப்ராசசர், நினைவகம், நெட்வொர்க் கார்டு என்று சேர்த்தால் ஒரு ஸ்லாட்டின் எல்லை முதல் வரியிலேயே முடிந்துவிடும். பேக்பிளேனின் வேகமும் அப்படியே. விநாடிக்கு 10 கிகாபிட்டில் தொடங்கி, 2012-இல் 40 கிகாபிட், பிறகு 100 கிகாபிட் என்று தரநிலை நகர்ந்தது. அதற்குள் ஒற்றை சுவிட்ச் சிப் விநாடிக்கு டெராபிட் கணக்குக்குப் போய்விட்டது. பேக்பிளேன் சேசிஸோடு பிறந்து சேசிஸோடு முடிவது. நடுவில் மாற்ற வழியில்லை.

புதிய தயாரிப்பை ஏடிசிஏவில் தொடங்கலாமா என்று கேட்டால், பொதுவாக வேண்டாம் என்பேன். ஏற்கெனவே களத்தில் நூற்றுக்கணக்கான சேசிஸ் நிற்கின்றன, அவற்றில் காலி ஸ்லாட் இருக்கிறது, வாடிக்கையாளர் அவற்றை இன்னும் சில ஆண்டு ஓட்டப்போகிறார் என்றால் மட்டும் அந்த ஸ்லாட்டுக்கு ஒரு கார்டு செய்வது நியாயமான தொழில். இன்னொரு விதிவிலக்கும் உண்டு. நாமே வடிவமைத்த எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே நிரல்படுத்தக்கூடிய சிப்) பலகைகள் நிறைய, ஒளியிழை இணைப்புகள் நிறைய, ஆனால் எண்ணிக்கை குறைவு என்ற நிலை. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் பெரிய ஹேட்ரான் மோதுவியின் மேம்பாட்டுக்காக அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு சோதனைக் குழுக்களும் ஏடிசிஏவைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். அதன் தம்பியான மைக்ரோ டிசிஏவும் ஹாம்பர்க் பக்கம் உள்ள ஐரோப்பிய எக்ஸ்ரே லேசர் ஆய்வகத்தில் வாழ்கிறது. தொலைத்தொடர்புக்காகப் பிறந்த பெட்டி இயற்பியல் கூடத்தில் நிலைத்துவிட்டது. சந்தை அறிக்கை ஏதேனும் ஏடிசிஏ வளர்கிறது என்று சொன்னால், அந்த வளர்ச்சி டவர்களிலா ஆய்வகங்களிலா என்று கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

சாதாரண ரேக் சர்வர்: விலை குறைவு, அறைதான் பிரச்சினை

இப்போது பெரும்பாலானோர் போகும் வழி இது. 1யு அல்லது 2யு சர்வர். நான்கைந்து பெரிய தயாரிப்பாளர்கள். ஓரிரண்டு ஆண்டுக்கு ஒரு புதிய தலைமுறை. குறிப்பிட்ட மாடல் நின்றுபோனால் அடுத்த மாடலை வாங்கலாம். வேறு நிறுவனத்தின் மாடலையும் வாங்கலாம். மென்பொருள் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதைச் சார்ந்திருக்கவில்லை என்றால் இது பெரிய விடுதலை. கார்டின் அளவைப் பொதுவாக்க ஏடிசிஏ பாடுபட்டது. சர்வர் உலகம் ஈதர்நெட்டையும் லினக்ஸையும், மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டி எங்கும் ஓட்ட உதவும் கண்டெய்னரையும் பொதுவாக்கியதால், பெட்டி எந்த அளவில் இருந்தாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது.

ஒரு நிபந்தனை உண்டு. ஐந்து ஒன்பது என்று துறையில் சொல்லும் 99.999 சதவீத இயங்குநிலை, ஆண்டுக்குச் சுமார் 5 நிமிட நிறுத்தத்தையே அனுமதிக்கிறது. சர்வரில் அந்த உறுதி பெட்டியில் இல்லை. ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று உடனே ஏற்கும்படி மென்பொருளை எழுதியிருக்க வேண்டும். பழைய சேசிஸை நம்பி எழுதிய மென்பொருளை அப்படியே சர்வரில் ஏற்றிவிட்டு, மேகக் கணிமைக்கு (கிளவுடுக்கு) மாறிவிட்டோம் என்று அறிவிப்பவர்களைப் பார்க்கிறேன். முதல் பவர் சப்ளை கோளாறிலேயே அவர்களின் வாடிக்கையாளர் தவித்துப்போவார். சர்வர் வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், மென்பொருளின் மீள்திறனுக்கான உழைப்பையும் அதே செலவுக் கணக்கில் எழுதுங்கள். அதைச் சேர்த்தபின்னும் சர்வர் மலிவாக இருந்தால் அது நல்ல முடிவு.

அடுத்து அறை. டேட்டா சென்டருக்கென்று வடிவமைத்த சர்வரின் ஆழம் 70 முதல் 80 செ.மீ. வரை போகும். ஐரோப்பிய முறையில் அமைந்த பழைய எக்ஸ்சேஞ்ச் ரேக்கின் ஆழம் 30 செ.மீ. இந்த ஒரே வித்தியாசத்தில் எத்தனையோ திட்டங்கள் தடுமாறியிருக்கின்றன. மேலும், எக்ஸ்சேஞ்ச் ரேக்குகள் முதுகோடு முதுகாகவோ சுவரை ஒட்டியோ நிற்கும். எல்லா வயரும் முன்பக்கத்தில்தான். சர்வருக்கு முன்னும் பின்னும் ஆள் போக வேண்டும்.

வெப்பநிலையும் அப்படித்தான். டேட்டா சென்டர் சர்வர்களில் பரவலான வகுப்பு 10 முதல் 35 டிகிரி வரை உறுதி தருகிறது. அமெரிக்கத் தொலைபேசித் துறையின் நெப்ஸ் விதிகள் எப்போதும் 5 முதல் 40 டிகிரியையும், குளிரூட்டி பழுதானால் 96 மணி நேரம் வரை −5 முதல் 55 டிகிரியையும் தாங்கச் சொல்கின்றன. நிலநடுக்கம், தீ பரவல் சோதனைகள் தனி. 55 டிகிரி என்பது ஏட்டில் மட்டும் வரும் எண் அன்று. குளிரூட்டி நின்ற மூடிய அறையில், மே மாதத்தில், உள்ளே உள்ள கருவிகளின் வெப்பமும் சேர்ந்தால் அங்கே போய் நிற்க அதிக நேரம் ஆகாது.

மின்சாரத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் செல்கள் 24 சேர்ந்த பேட்டரி வரிசை −48 வோல்ட் தருகிறது. பெரும்பாலான சர்வர் மாடல்களுக்கு −48 வோல்ட் பவர் சப்ளை விருப்பமாகக் கிடைக்கும். டெண்டர் எழுதும்போது அதைக் கேட்க மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மையக் கட்டுப்பாட்டு மென்பொருள், சந்தாதாரர் தரவுத்தளம், கட்டணக் கணக்கு போன்றவை டேட்டா சென்டரில் ஓடுபவை. அவற்றுக்கு ரேக் சர்வரைத் தவிர வேறு எதையும் நான் இன்று பரிந்துரைக்க மாட்டேன்.

ஓசிபி ரேக்: அறை முழுவதும் மாறத் தயாரா?

டேட்டா சென்டர் கருவிகளின் வடிவமைப்பைப் பொதுவில் வைப்பதற்காக ஃபேஸ்புக் 2011-இல் தொடங்கிய ஓபன் கம்ப்யூட் திட்டத்தின் (ஓசிபி) ரேக், வெளியே பார்த்தால் வழக்கமான 600 மி.மீ. அகலம். உள்ளே கருவிக்கு 21 அங்குலம். ஒரு அலகின் உயரம் 44.45 மி.மீ.க்குப் பதில் 48 மி.மீ. பவர் சப்ளைகளைச் சர்வரிலிருந்து எடுத்து ரேக்குக்கே பொதுவாக வைத்து, முதுகில் பஸ்பார் என்ற ஒரு செம்புப் பட்டை வழியாக மின்சாரம் கொடுக்கிறார்கள். பெரிய ஃபேன், குறைந்த இரைச்சல், குறைந்த மின்செலவு.

முதலில் அந்தப் பஸ்பார் 12 வோல்ட்டில் இருந்தது. 1,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் ஓட வேண்டும். 48 வோல்ட்டில் 21 போதும். மின்னோட்டம் நான்கு மடங்கு என்றால் அதே செம்பில் இழப்பு பதினாறு மடங்கு. அதனால்தான் மூன்றாம் பதிப்பு 48 வோல்ட்டுக்கு வந்தது. தொலைபேசித் துறை நூறாண்டாகப் பின்பற்றும் மின்னழுத்தத்துக்கே டேட்டா சென்டர் உலகமும் வந்து சேர்ந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கென்று 19 அங்குல அகலத்தில் சிஜி ஓபன்ரேக்-19 என்ற வகையும் வந்தது; அதை ஓசிபிக்குக் கொடுத்தது நாம் மேலே பார்த்த அதே ரேடிசிஸ்தான். சர்வர் தட்டைத் தள்ளினால் மின் இணைப்பும் ஒளியிழை இணைப்பும் பின்னால் தாமாகப் பொருந்திக்கொள்ளும்.

இந்த வழியில் என் தயக்கம் ஒன்றே. ஓசிபியின் பலன் ஒரு ரேக்கில் வராது. வரிசை வரிசையாக நிரப்பினால்தான் வரும். வாடிக்கையாளரின் டேட்டா சென்டர் ஏற்கெனவே ஓசிபிக்கு மாறியிருந்தால், அல்லது புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தால், தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். நம்முடைய ஒரு தயாரிப்புக்காக அவர் அறையை மாற்றுவார் என்று எதிர்பார்த்து வடிவமைப்பது வீண்.

டவர் அடியும் பழைய எக்ஸ்சேஞ்சும்: சேசிஸ் உண்மையில் தேவைப்படும் இடம்

எல்லாம் டேட்டா சென்டருக்குப் போய்விடும் என்றால் இந்த ஒப்பீட்டை எழுதவே வேண்டியதில்லை. 5ஜி ரேடியோ வலையமைப்பில் ஆன்டெனாவின் சிக்னலைக் கையாளும் டிஸ்ட்ரிபியூட்டட் யூனிட் என்ற பகுதி, அதாவது டியு, அங்கே போக முடியாது. ஆன்டெனாவுக்கும் அதற்கும் இடையே ஒருவழித் தாமதம் சுமார் 100 மைக்ரோ விநாடியைத் தாண்டக்கூடாது. ஒளியிழையில் ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ விநாடி ஆகிறது. வகுத்துப் பார்த்தால் 20 கி.மீ. ஒளியின் வேகமே போட்ட எல்லை இது. ஆகவே டவர் அடியிலோ பக்கத்து ஊர் எக்ஸ்சேஞ்சிலோ ஆயிரக்கணக்கான சிறு பெட்டிகள் நிற்கத்தான் போகின்றன. தரப்படுத்தப்பட்ட சேசிஸ்களின் சந்தை தொலைத்தொடர்பில் எங்கே வளரும் என்று கேட்டால், நான் விரல் நீட்டுவது இந்த இடத்தைத்தான்.

இங்கே மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. முதலாவது, ஓசிபியின் ஓபன் எட்ஜ். நோக்கியா கொண்டுவந்து பொதுவில் வைத்த வடிவமைப்பு இது. 3யு உயரம், சுமார் 43 செ.மீ. ஆழம், அரை அகலமுள்ள 1யு சர்வர் தட்டுகள் ஐந்து. ஆறாவது இடத்தில் இரண்டு பவர் சப்ளை. வேலை முழுவதும் முன்பக்கத்திலேயே. இரண்டாவது, பெரிய சர்வர் நிறுவனம் ஒன்றின் சொந்த வடிவமைப்பு. 2023-இல் டெல் கொண்டுவந்த எக்ஸ்ஆர்8000 இதற்கு உதாரணம்: 2யு சேசிஸ், அதில் 1யு தட்டுகள் நான்கு வரை. மூன்றாவது, சேசிஸே வேண்டாம் என்று ஆழம் குறைந்த 1யு சர்வரைத் தனியாக வைப்பது.

கணக்கைப் பாருங்கள். ஐந்து தனி சர்வர் என்றால் 5யு இடம், பத்து பவர் சப்ளை. ஓபன் எட்ஜ் பெட்டியில் 3யு, இரண்டே பவர் சப்ளை. பாகம் குறைந்தால் பழுதும் குறையும். வாடகைக்கு எடுத்த சிறிய அலமாரியில் 2யு மிச்சம் என்பது பணம். ஆனால் பொதுவான மின் பலகையும் மேலாண்மைக் கட்டுப்பாட்டியும் ஒன்றே என்பதால் அவற்றில் கோளாறு வந்தால் ஐந்து சர்வருக்கும் சேர்த்துத்தான் வரும். ஓரிரு சர்வர் மட்டுமே தேவைப்படும் டவரில் சேசிஸ் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காலித் தட்டுகளுக்கு இடமும் பணமும் கொடுத்ததாகவே முடியும். பல டவர்களின் டியுக்களை ஒன்றாகக் கூட்டும் எக்ஸ்சேஞ்சில் மூன்று அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டால் சேசிஸ் சரி.

ஓபன் எட்ஜா, சொந்த வடிவமைப்பா என்பதுதான் கடினமான கேள்வி. முன்னது பொதுத் தரநிலை; யார் வேண்டுமானாலும் தட்டு செய்யலாம். ஆனால் செய்பவர்கள் எத்தனை பேர்? தரநிலை திறந்திருப்பதும் கடை திறந்திருப்பதும் ஒன்றல்ல. பின்னது ஒரே நிறுவனத்தின் பிடியில் இருப்பது. எனினும் அந்த நிறுவனம் தொலைத்தொடர்பு மட்டுமல்லாமல் கடைகள், தொழிற்சாலைகள், ராணுவம் என்று எல்லோருக்கும் விற்கிறது. ஒரு சந்தை சரிந்தாலும் இன்னொன்று அந்த மாடலை உயிரோடு வைத்திருக்கும். காகிதத்தில் உள்ள திறந்த தன்மையைவிட விற்பனை அளவு அதிகப் பாதுகாப்பு தரும் என்பது ஏடிசிஏ வரலாற்றில் நான் படித்த பாடம். எனவே, உங்களுக்கு உண்மையான விலை எழுதிக்கொடுக்கும் தட்டுத் தயாரிப்பாளர்கள் குறைந்தது இருவர் இருந்தால் ஓபன் எட்ஜ். ஒருவர்தான் என்றால் அதிக எண்ணிக்கையில் விற்கும் சொந்த வடிவமைப்பு. இதில் கொள்கைப் பிடிவாதம் உதவாது.

எந்த வழியானாலும் இரண்டு சோதனைகளை நீங்களே செய்துபாருங்கள். ஒன்று, தூசி வடிகட்டி அடைத்த நிலையில் ஃபேன் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பது. இன்னொன்று கடற்காற்று. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கரையோர இடங்களில் உப்பு ஈரம் பலகையின் செம்புப் பாதையை அரிக்கும். பாதுகாப்புப் பூச்சு உள்ள பலகையா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சர்வர் விவரக்குறிப்பின் முதல் பக்கத்தில் இது இருக்காது.

ரவுட்டர்: பேக்பிளேனைக் கழற்றி வெளியே வைத்தவர்கள்

பெரிய ரவுட்டர்களில் கதை வேறு. அங்கே சேசிஸ் இன்னும் அந்தந்த நிறுவனத்தின் கோட்டை. அதை உடைக்க ஏடி&டி 2019 செப்டம்பரில் ஒரு வடிவமைப்பு விவரக்குறிப்பை ஓசிபிக்குக் கொடுத்தது. பிராட்காமின் ஜெரிக்கோ2 சிப் வைத்த சாதாரணப் பெட்டிகளையே வெளி இணைப்புகளை ஏற்கும் லைன் கார்டுகளாகவும், தனிப் பெட்டிகளை அவற்றுக்கிடையே தரவைக் கடத்தும் ஃபேப்ரிக்காகவும் வைத்து, கேபிளால் இணைத்துவிட்டால் அதுவே பெரிய சேசிஸ். ஒரு பெட்டி மட்டும் வைத்தால் விநாடிக்கு 4 டெராபிட். மிகப் பெரிய அமைப்பில் 48 லைன் பெட்டியும் 13 ஃபேப்ரிக் பெட்டியும் சேர்ந்து 192 டெராபிட். அடுத்த ஆண்டே யுஃபிஸ்பேஸ் பெட்டிகளிலும் டிரைவ்நெட்ஸ் மென்பொருளிலும் இதைத் தன் மைய வலையமைப்பில் இறக்கியதாக ஏடி&டி அறிவித்தது.

இதன் அழகு, தேவைக்கேற்ப வளர்வது. பழைய முறையில் என்றோ வரப்போகும் போக்குவரத்துக்காக இன்றே முழு சேசிஸ் வாங்கி, பாதி ஸ்லாட்டைக் காலியாக வைத்திருக்க வேண்டும். இங்கே நான்கு பெட்டியில் தொடங்கி ஆண்டுதோறும் சேர்க்கலாம். பேக்பிளேன் என்ற மாற்ற முடியாத பாகமே இல்லை.

அதன் விலை கேபிள். ஒவ்வொரு லைன் பெட்டியிலிருந்தும் 13 ஃபேப்ரிக் பெட்டிக்கும் ஒவ்வோர் இணைப்பு. 48-ஐ 13-ஆல் பெருக்கினால் 624. இத்தனை 400 கிகாபிட் கேபிளையும் ஒழுங்காக வரிசைப்படுத்தி, பெயர் ஒட்டி, ஒன்று பழுதானால் கண்டுபிடிக்கும் குழு வேண்டும். ஏடி&டி போன்ற நிறுவனத்திடம் அது இருக்கிறது. சிறிய நிறுவனத்துக்கு, ஒரே பெட்டியில் முடியும் அளவு வரை இது அருமை. பெரிய கூட்டமைப்பாக்குவதற்கு முன் ஆட்பலத்தை எண்ணிப்பாருங்கள்.

அறிக்கையைப் படிக்கும்போதும் ஒப்பந்தம் எழுதும்போதும்

சந்தை அறிக்கையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதில் எண்ணப்பட்டது எது என்று முதலில் பாருங்கள். காலி சேசிஸா, கார்டுகளோடு சேர்த்தா, மென்பொருளும் சேர்ந்த முழுக் கருவியா? இந்த மூன்றுக்கும் மதிப்பு பல மடங்கு வேறுபடும். மூன்றும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. பிறகு, டாலர் வளர்ச்சியா எண்ணிக்கை வளர்ச்சியா என்று பாருங்கள். ப்ராசசர் விலை ஏறினாலே டாலர் கோடு ஏறும். பெட்டிகள் அதிகம் விற்றதாகப் பொருளில்லை. கடைசியாக, கடந்த ஐந்து ஆண்டில் இந்த வகையில் விற்ற நிறுவனங்களின் பட்டியலை எடுத்து, இன்றும் விற்பவர்களை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இதற்கு அறிக்கை வாங்கவும் வேண்டாம்.

இந்தியாவில் விற்பவர்களுக்குக் கூடுதல் ஒன்று. 2021 ஜூன் 15 முதல், நம்பகமான மூலம் என்று ஏற்கப்பட்ட கருவிகளையே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பில் புதிதாக இணைக்க முடியும். கட்டாயச் சோதனைச் சான்றிதழ் வேறு இருக்கிறது. ஆகவே, பாகம் கிடைக்கவில்லை என்று நடுவில் சேசிஸை மாற்றுவது பொறியியல் வேலையோடு நிற்காது. அனுமதிக் காகிதங்களையும் மறுபடி தொட வேண்டிவரும். தொடக்கத்திலேயே இரண்டு சேசிஸ்களுக்குச் சேர்த்துச் சோதனையும் அனுமதியும் பெற்றுவைப்பது அதிகச் செலவாகத் தோன்றும். எனக்கு அது காப்பீடாகவே படுகிறது.

சேசிஸ் தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் போடும்போது விலையில் கடைசி இரண்டு சதவீதத்துக்காக நேரம் செலவழிப்பதைவிட இந்த மூன்றை எழுத வையுங்கள். உற்பத்தியை நிறுத்துவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்னறிவிப்பு. அந்த ஓராண்டில் பழைய விலைக்கே கடைசிக் கொள்முதல் உரிமை. நிறுத்திய பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகள் பழுதுபார்ப்பு. நிறுவனமே வேறொருவர் கைக்குப் போனாலும் இவை புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஃபேன், பவர் சப்ளை, வடிகட்டி ஆகியவைதான் முதலில் தேயும் பாகங்கள். அவற்றின் விலைப்பட்டியலைத் தனி இணைப்பாகக் கேட்டு, கையெழுத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.